சூடா, ஒளியா? மீக்கடத்தி மேல் லேசர் அடித்தவர்களின் கதை

1971 ஆம் வருஷம். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டெஸ்டார்டி என்ற விஞ்ஞானி காரீயத்தை மிக மெல்லிய படலமாக்கி, கடுங்குளிரில் வைத்து, அதன் மேல் லேசர் ஒளியைத் துடிப்பு துடிப்பாக அடித்துப் பார்த்தார். அதுவரை துளி மின்தடை கூட இல்லாமல் மின்சாரத்தைக் கடத்திக்கொண்டிருந்த படலம், ஒளி பட்டதும் சாதாரணக் காரீயம் ஆகிவிட்டது. தடை திரும்பி வந்துவிட்டது.

"அட, இது ஒரு கண்டுபிடிப்பா? லேசர் பட்டால் சூடாகும். சூடானால் சூப்பர் கண்டக்டர் செத்துப்போகும். இதற்கு எதற்கு விஞ்ஞானி?" என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். ஆனால் டெஸ்டார்டி கணக்குப் போட்டுப் பார்த்திருந்தார். படலம் எவ்வளவு சூடாகியிருக்கும் என்று பார்த்தால், அந்தச் சூடு மட்டும் இந்தக் காரியத்தைச் செய்யப் போதவில்லை. ஒளியே நேரடியாக உள்ளே போய் எதையோ உடைக்கிறது என்று அவர் வாதிட்டார்.

சூடா, ஒளியா? அன்று கிளம்பிய இந்தக் கேள்விக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. வேஷம் மாற்றி மாற்றித் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கிறது. அந்தக் கதையைத்தான் பார்க்கப் போகிறோம். ஃபிசிக்ஸ் என்றாலே ஓடுகிறவர்கள் தைரியமாகத் தொடரலாம், ஒரு சமன்பாடு கூட வராது :-)

முதலில் கொஞ்சம் பழைய கதை. 1908 இல் ஹாலந்து நாட்டின் லெய்டன் நகரில் காமர்லிங் ஓன்னஸ் ஹீலியம் வாயுவைத் திரவமாக்கிக் காட்டினார். கையில் அப்படி ஒரு குளிர் கிடைத்தால் யார்தான் சும்மா இருப்பார்கள்? கண்ணில் பட்ட உலோகத்தையெல்லாம் அதில் முக்கிப் பார்த்தார். 1911 ஏப்ரலில் பாதரசத்தின் மின்தடை சுமார் 4.2 கெல்வினில், அதாவது மைனஸ் 269 டிகிரி செல்சியஸில், திடீரென்று காணாமல் போனது. குறையவில்லை, காணாமலே போனது. பாடப்புத்தகத் தமிழில் இப்படிப்பட்ட பொருளுக்கு மீக்கடத்தி என்று பெயர்.

1933 இல் ஜெர்மனியில் மைஸ்னர், ஓக்சன்ஃபெல்ட் என்ற இருவர் இன்னொரு குணத்தைப் பார்த்தார்கள். மீக்கடத்தி, தன் உடம்புக்குள் இருக்கும் காந்தப்புலத்தை வெளியே தள்ளிவிடுகிறது. தடை இல்லாமல் இருப்பது ஒரு அடையாளம், காந்தத்தை விரட்டுவது இரண்டாவது அடையாளம். இந்த இரண்டாவதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் 91 வருஷம் கழித்து மறுபடியும் வரும்.

ஏன் இப்படி நடக்கிறது என்று சொல்ல 46 வருஷம் ஆனது. 1957 இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் மூவரும் விடை கண்டுபிடித்தார்கள். (முக்கியமான சமன்பாடு ஷ்ரீஃபருக்கு நியூயார்க் சுரங்க ரயிலில் போகும்போது பிடிபட்டதாம். பார்டீனோ அதற்கு முந்தைய வருஷம்தான் டிரான்சிஸ்டருக்காக நோபல் வாங்கியவர். 1972 இல் இதற்காக இரண்டாவது தடவையும் வாங்கினார். ஃபிசிக்ஸ் நோபலை இரண்டு முறை வாங்கிய ஒரே ஆள் அவர்தான்.)

அவர்கள் சொன்னது சுருக்கமாக இதுதான். கடுங்குளிரில் எலக்ட்ரான்கள் இரண்டிரண்டாக ஜோடி சேர்கின்றன. அந்த ஜோடிகள் எல்லாம் ஒரே ஆள் போல நகர்கின்றன. தேர்த் திருவிழாவில் வடம் பிடித்த கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கால் இடறினாலும் கூட்டம் அவரையும் இழுத்துக்கொண்டு போய்விடும், தேர் நிற்காது. தனியாகப் பிரிந்து போக வேண்டுமானால் கையிலிருக்கும் வடத்தை விட வேண்டும். அப்படிக் கையை விட வைக்க ஒரு குறைந்தபட்ச ஆற்றல் தேவை. அதற்கு ஆற்றல் இடைவெளி என்று பெயர். அதற்குக் குறைவாக எது வந்து மோதினாலும் ஜோடி பிரியாது, அதனால்தான் தடையும் இல்லை.

இப்போது கணக்குக்கு வருவோம். காரீயத்தில் ஒரு ஜோடியைப் பிரிக்க ஆகும் விலை சுமார் 2.7 மில்லி எலக்ட்ரான் வோல்ட். பச்சை நிற லேசரின் ஒரே ஒரு ஒளித்துகளிடம் இருப்பது சுமார் 2.4 எலக்ட்ரான் வோல்ட். கிட்டத்தட்ட 900 மடங்கு! ஒரு ரூபாய் கடலைமிட்டாய்க்கு 900 ரூபாயை நீட்டுவது மாதிரி. மிட்டாய் கிடைத்துவிடும், சரி. மீதிச் சில்லறை எங்கே போகிறது?

இந்தச் சில்லறைதான் மொத்தக் கதையும். பெரிய நோட்டை வாங்கிய எலக்ட்ரான் அதைத் தன் கையிலேயே வைத்துக்கொள்வதில்லை. பக்கத்து எலக்ட்ரான்களுக்குக் கொஞ்சம் கொடுக்கிறது, படிகத்தின் அணுக்களை அதிரவைத்து அதற்குக் கொஞ்சம் கொடுக்கிறது. அந்த அதிர்வுப் பொட்டலங்களுக்குப் போனான் என்று பெயர். போனான் போய் இன்னொரு ஜோடியைப் பிரிக்கிறது. இப்படி ஒரு ஒளித்துகளால் நூற்றுக்கணக்கான ஜோடிகள் உடையும்.

உடைந்தது எப்படி மறுபடி ஒட்டுகிறது? இதை லேசர்காரர்களுக்கு முன்பே, 1967 இல், ராத்வார்ஃப், டெய்லர் என்ற இருவர் எழுதிவைத்துவிட்டார்கள். அவர்கள் பார்த்தது வேறு வகைச் சோதனை, ஆனால் கணக்கு ஒன்றுதான். தனித்தனியான இரண்டு எலக்ட்ரான்கள் மறுபடி ஜோடி சேரும்போது, பிரியும்போது வாங்கிய ஆற்றலைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுக்கின்றன, ஒரு போனானாக. ஆனால் அந்தப் போனானிடம் இருப்பது இன்னொரு ஜோடியைப் பிரிக்கச் சரியான தொகை! அது உடனே போய்ப் பக்கத்து ஜோடியைப் பிரித்துவிடுகிறது. கடனை அடைத்த காசு அடுத்த நிமிஷமே இன்னொருவருக்குக் கடனாகப் போவது போல. ஊரில் மொத்தக் கடன் குறையவே குறையாது. போனான் படலத்தை விட்டு அடியில் இருக்கும் தாங்கிக்குள் தப்பிப் போனாலோ, இரண்டு சின்னப் போனான்களாக உடைந்து ஜோடியைப் பிரிக்கும் தெம்பை இழந்தாலோதான் கடன் தீரும். ஆக, மீக்கடத்தி எவ்வளவு வேகத்தில் குணமாகிறது என்பது எலக்ட்ரான் கையில் இல்லை, போனான் கையில் இருக்கிறது. விஞ்ஞானிகள் இதைப் போனான் முடக்கு என்கிறார்கள். ஒரு வழிப் பாதையில் லாரி மாட்டிக்கொண்ட கதைதான்.

தியரி பிரமாதம். ஆனால் நடப்பதைப் பார்க்க வேண்டாமா? அங்கேதான் சிக்கல். இந்தக் கொடுக்கல் வாங்கல் எல்லாம் பிகோ செகண்டுகளில் நடக்கிறது. ஒரு நொடியை லட்சம் கோடி துண்டாக வெட்டினால் ஒரு துண்டு ஒரு பிகோ செகண்ட். அதையும் ஆயிரமாக வெட்டினால் ஃபெம்டோ செகண்ட். வேறு மாதிரி சொன்னால், ஒரு ஃபெம்டோ செகண்டுக்கு ஒரு நொடி எப்படியோ, அப்படி ஒரு நொடிக்கு 3 கோடி வருஷத்துக்கும் மேல். எந்த வோல்ட் மீட்டரும் இந்த வேகத்துக்கு ஓடாது.

இதற்கு ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்த வழி ரொம்ப அழகானது, எளிமையானதும் கூட. ஒரு லேசர் துடிப்பை இரண்டாகப் பிரிக்கிறார்கள். பெரிய பங்கு போய் அடிக்கிறது. சின்னப் பங்கு கொஞ்சம் தாமதமாகப் போய் "என்ன ஆச்சு?" என்று பார்த்துவிட்டு வருகிறது. தாமதத்தை எப்படி உண்டாக்குவது? சின்னப் பங்கு போகும் வழியில் இருக்கும் கண்ணாடியைக் கொஞ்சம் பின்னால் தள்ளினால் போதும். ஒளி ஒரு பிகோ செகண்டில் 0.3 மில்லிமீட்டர் போகும். போய்த் திரும்ப வேண்டும் என்பதால் கண்ணாடியை 0.15 மில்லிமீட்டர் தள்ளினால் ஒரு பிகோ செகண்ட் தாமதம் கிடைத்துவிடும். திருகு ஒன்றைத் திருப்பி நேரத்தை அளக்கிறார்கள்! கண்ணாடியைத் தள்ளித் தள்ளி, லட்சக்கணக்கான தடவை அடித்து, ஒவ்வொரு தாமதத்துக்கும் ஒரு புள்ளி வைத்தால் முழுப் படம் கிடைக்கும்.

இதற்குத் தேவை மிகக் குட்டையான லேசர் துடிப்பு. 1960 இல் மெய்மன் முதல் லேசரைச் செய்தார். 1974 இல் ஷாங்க், இப்பன் இருவரும் சாய லேசரில் ஒரு பிகோ செகண்டுக்கும் குறைவான துடிப்பை எட்டினார்கள். இதுவும் பெல் ஆய்வகம்தான். 1982 இல் மோல்டன் டைட்டானியம் கலந்த நீலக்கல் படிகத்தில் லேசர் செய்தார். 1991 இல் ஸ்காட்லாந்தின் செயிண்ட் ஆண்ட்ரூஸில் சிப்பெட்டின் குழு அதிலிருந்தே 60 ஃபெம்டோ செகண்ட் துடிப்பை வாங்கிக் காட்டியது. அதற்குப் பிறகு உலகத்தின் பல ஆய்வகங்களில் இந்த நீலக்கல் லேசர் சாதாரணச் சரக்காகிவிட்டது.

நடுவில் மீக்கடத்தி உலகத்தில் பூகம்பமே நடந்தது. 1986 இல் சுவிட்சர்லாந்தின் ஐபிஎம் ஆய்வகத்தில் பெட்னார்ஸ், முல்லர் இருவரும் செம்பு ஆக்சைடு கலந்த ஒரு பீங்கான் போன்ற பொருள் 30 கெல்வினுக்கும் மேலே மீக்கடத்தியாக மாறத் தொடங்குவதைக் கண்டார்கள். அடுத்த வருஷமே இட்ரியம், பேரியம், செம்பு, ஆக்சிஜன் சேர்ந்த பொருள் 90 கெல்வினைத் தாண்டியது. விலை அதிகமான திரவ ஹீலியம் வேண்டாம், மலிவான திரவ நைட்ரஜன் போதும். ஏன் இப்படி என்று மட்டும் யாருக்கும் புரியவில்லை. பார்டீன் குழுவின் பழைய விளக்கம் இங்கே முழுதாகப் பொருந்தவில்லை. எலக்ட்ரான்களை ஜோடி சேர்த்துவைக்கும் தரகர் யார் என்ற கேள்விக்கு எல்லோரும் ஒத்துக்கொண்ட விடை இன்றைக்கும் கிடையாது.

தரகர் யாரென்று தெரியாவிட்டால் என்ன, ஜோடியைப் பிரித்துவிட்டு எப்படி, எவ்வளவு நேரத்தில் திரும்பச் சேர்கிறார்கள் என்று பார்த்தால் துப்புக் கிடைக்காதா? இந்த எண்ணத்தில்தான் லேசர்காரர்கள் களத்தில் இறங்கினார்கள். 1990 இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஹான், வார்டெனி முதலியோர் இட்ரியம் மீக்கடத்திப் படலத்தில் ஃபெம்டோ செகண்ட் துடிப்பை அடித்து, எதிரொளிப்பு எப்படி மாறுகிறது என்று பார்த்தார்கள். மீக்கடத்தி நிலைக்குள் போனதும் எதிரொளிப்பு பழைய நிலைக்குத் திரும்பும் விதமே மாறியது. பிகோ செகண்ட் கணக்கில் உடைந்த ஜோடிகள் மறுபடி சேர்வதை முதல் தடவையாகக் கிட்டத்தட்டக் கண்ணால் பார்த்த மாதிரி.

"கிட்டத்தட்ட" என்பதை இங்கே கவனிக்க வேண்டும். பார்க்கப் போன ஒளியும் பெரிய நோட்டுதான், ஜோடியின் விலையை விடப் பல மடங்கு பெரியது. எதிரொளிப்பில் தெரியும் மாற்றமோ மிகச் சின்னது. அதை வைத்து உள்ளே ஜோடிகள் என்ன செய்கின்றன என்று சொல்வது, ஒருவர் முகத்தைப் பார்த்து அவர் பேங்க் பாஸ்புக்கில் எவ்வளவு இருக்கிறது என்று சொல்வது போல. பல நேரம் சரியாக இருக்கும், சில நேரம் ஏமாற்றும். பிறகு டெராஹெர்ட்ஸ் அலைகள் கைக்கு வந்தன. ரேடியோவுக்கும் அகச்சிவப்புக்கும் நடுவில் இருக்கும் இந்த அலைகளின் ஆற்றல், ஜோடியின் விலைக்குச் சமமான அளவில் இருக்கிறது. சரியான சில்லறையோடு கடைக்குப் போகிற மாதிரி. ஆற்றல் இடைவெளியையே நேராகப் பார்க்க முடிந்தது.

அப்படிப் பார்த்ததில் ஆச்சரியம் ஒன்று வெளிவந்தது. 2001 இல் ஜப்பானில் மக்னீசியம் டைபோரைடு என்ற சாதாரணக் கெமிக்கல் 39 கெல்வினில் மீக்கடத்தி என்று தெரியவந்திருந்தது. 2003 இல் டெம்சர் முதலியோர் அதன் மேல் ஃபெம்டோ செகண்ட் துடிப்பை அடித்தார்கள். துடிப்பு வந்து போன பிறகும் ஜோடிகள் உடனே உடைந்து முடியவில்லை! சுமார் 10 பிகோ செகண்ட் வரை மெதுவாக உடைந்துகொண்டே இருந்தன. அடித்தவன் வீடு போய்ச் சேர்ந்த பிறகு வீக்கம் வருகிற மாதிரி. காரணம், ஒளியின் பணம் முதலில் எலக்ட்ரான்களிடம் போகாமல் பெரிய போனான்களின் கைக்குப் போய்விடுகிறது. அந்தப் போனான்கள்தான் நிதானமாக ஒவ்வொரு ஜோடியாகப் பிரிக்கின்றன. ராத்வார்ஃப், டெய்லர் எழுதிய கணக்கு அப்படியே பொருந்தியது.

2008 இல் இதே வழியில் வந்த ஸ்லோவேனியக் குழு ஒன்று இன்னொரு கணக்கைப் பார்த்தது. செம்பு ஆக்சைடு மீக்கடத்தியில் மொத்த ஜோடிகளையும் ஒரே அடியில் அழிக்க எவ்வளவு ஆற்றல் ஆகிறது? அளந்து பார்த்தால், ஜோடிகள் சேர்ந்திருப்பதால் மிச்சமாகும் ஆற்றலை விடப் பல மடங்கு செலவாகிறது. மீதியைப் போனான்கள் விழுங்கிவிடுகின்றன. ஆனால் அழிவதோ ஒரு பிகோ செகண்டுக்குள். படிகம் முழுதும் சூடாகிச் சமநிலைக்கு வருவதற்கு முன்பே காரியம் முடிந்துவிடுகிறது. டெஸ்டார்டி கேட்ட கேள்விக்கு ஒரு மாதிரி விடை வந்துவிட்டது என்று சொல்லலாம். சூடும் உண்டு, ஒளியும் உண்டு. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. முதல் சில பிகோ செகண்டில் "வெப்பநிலை" என்ற வார்த்தைக்கே அர்த்தம் கிடையாது, ஏனென்றால் எலக்ட்ரானுக்கு ஒரு கணக்கு, போனானுக்கு ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

உடைக்காமல் மெல்லத் தட்டினால் என்ன ஆகும் என்றும் பார்த்தார்கள். கோயில் மணியை உடைக்கிற மாதிரி அடிக்காமல் ஒரு தட்டு தட்டினால் ரீங்காரம் வரும் இல்லையா? 2013 இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தின் மட்சுனாகா, ஷிமானோ குழு ஒரு நையோபியம் மீக்கடத்தியை டெராஹெர்ட்ஸ் துடிப்பால் அப்படித் தட்டியது. ஆற்றல் இடைவெளியே ஒரு பிகோ செகண்டை ஒட்டிய தாளத்தில் ஏறி இறங்கியது. இதற்கு ஹிக்ஸ் அதிர்வு என்று பெயர். ஆமாம், 2012 இல் செர்னில் பிடித்தார்களே, அதே ஹிக்ஸ் தான். கணக்கு இரண்டுக்கும் ஒன்று. மீக்கடத்தியில் இதன் சாயலை 1980 இலேயே சூரியகுமார், கிளைன் இருவரும் இல்லினாயில் பார்த்துவிட்டார்கள், அடுத்த வருஷம் லிட்டில்வுட்டும் வர்மாவும் விளக்கமும் எழுதிவிட்டார்கள் என்பது பல பேருக்குத் தெரியாத சமாச்சாரம்.

இதெல்லாம் சரி, இதனால் காசு பணத்துக்கு ஏதாவது உபயோகம் உண்டா என்று கேட்பவர்களுக்கு ஒரு பூனைக் கதை. ஒளி பட்டால் மீக்கடத்தி ஒரு கணம் செத்து உடனே உயிர்த்துக்கொள்கிறது என்பதையே ஒரு கருவியாக்கினார்கள். 2001 இல் மாஸ்கோவின் கோல்ட்ஸ்மன் குழுவும் அமெரிக்காவின் ராசெஸ்டர் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து இதைச் செய்தார்கள். நையோபியம் நைட்ரைடில் தலைமுடியை விட நூற்றுக்கணக்கான மடங்கு மெல்லிய கம்பி. ஒரே ஒரு ஒளித்துகள் விழுந்தாலும் அந்த இடத்தில் ஜோடிகள் உடைந்து, கம்பியில் ஒரு கணம் தடை வந்து, ஒரு மின்துடிப்பு கிளம்பும். பிறகு தானே குணமாகி அடுத்த துகளுக்குக் காத்திருக்கும். 2023 டிசம்பரில் நாசாவின் சைக்கி விண்கலம் 3 கோடி கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து லேசர் வழியாக ஒரு வீடியோவை அனுப்பியது. கலிஃபோர்னியாவின் பாலமர் மலையில் இருக்கும் தொலைநோக்கியில் வந்து விழுந்த அந்த மங்கிய ஒளியைப் பிடித்தது இந்த வகைக் கம்பிதான். வீடியோவில் இருந்தது டேட்டர்ஸ் என்ற பூனை, ஒரு லேசர் புள்ளியைத் துரத்திக்கொண்டு! விஞ்ஞானிகளுக்கும் குசும்பு உண்டு.

இதுவரை சொன்னதில் ஒளி வில்லன். உடைப்பதுதான் அதன் வேலை. இனி கதை தலைகீழாகிறது.

1966 இல் வயட் முதலிய சிலர் ஒரு வினோதத்தைப் பார்த்திருந்தார்கள். மீக்கடத்தியில் மெல்லிய பாலம் ஒன்றின் மேல் மைக்ரோ அலையைப் பாய்ச்சினால், அது தாங்கும் மின்னோட்டம் குறையாமல் கூடியது. 1970 இல் ரஷ்யாவின் எலியாஷ்பெர்க் விளக்கம் சொன்னார். தனி எலக்ட்ரான்கள் இடைவெளியின் ஓரத்திலேயே உட்கார்ந்துகொண்டு ஜோடிகள் சேர இடைஞ்சல் செய்கின்றன. மைக்ரோ அலை அவற்றை மேல்மாடிக்கு அனுப்பிவிடுகிறது, கீழே இடம் காலியாகி ஜோடிகள் பலமாகின்றன. பஸ் படிக்கட்டில் நிற்பவர்களை உள்ளே போகச் சொல்லும் கண்டக்டர் வேலை (சூப்பர் கண்டக்டர்!). ஆனால் பலன் மிகச் சின்னது, மீக்கடத்தி நிலை தொடங்கும் வெப்பநிலையை ஒட்டித்தான் தெரியும். அதனால் பாடப்புத்தகத்தின் ஓரத்தில் ஒரு குறிப்பாகவே நின்றுவிட்டது.

2011 இல் கவலேரியின் குழு, ஹாம்பர்கிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் இருந்து, ஒரு குண்டைப் போட்டது. யூரோப்பியம் கலந்த ஒரு செம்பு ஆக்சைடை எடுத்தார்கள். அதன் எலக்ட்ரான்கள் கோடு கோடாக உறைந்து நிற்பதால், 10 கெல்வின் குளிரிலும் அது மீக்கடத்தி ஆகாது. அதன் மேல், ஜோடியை உடைக்கிற ஒளியை விட்டுவிட்டு, செம்புக்கும் ஆக்சிஜனுக்கும் நடுவில் இருக்கும் பிணைப்பு அதிரும் அதே தாளத்தில் இருக்கும் அகச்சிவப்புத் துடிப்பை அடித்தார்கள். ஒன்றிரண்டு பிகோ செகண்டில் மீக்கடத்திக்கு மட்டுமே உரிய ஒரு அடையாளம் எதிரொளிப்பில் முளைத்தது. ஒளி உடைக்கவில்லை, உண்டாக்கியது!

அதோடு நிற்கவில்லை. 2014 இல் இட்ரியம் பொருளில் அதே அடையாளத்தை அறை வெப்பநிலை வரை பார்த்ததாகச் சொன்னார்கள், சில பிகோ செகண்ட் மட்டும். ஸ்டான்ஃபோர்டின் எக்ஸ்ரே லேசரை வைத்து அந்தக் கணத்தில் அணுக்கள் எங்கே நகர்ந்தன என்றும் அளந்தார்கள். நகர்ந்தது சில பிகோ மீட்டர்தான். 2016 இல் கால்பந்து வடிவ கார்பன் மூலக்கூறுகளோடு பொட்டாசியம் சேர்ந்த பொருளில் அடித்தார்கள். சாதாரணமாக 20 கெல்வினில் மீக்கடத்தியாகும் அது, துடிப்புக்குப் பிறகு 100 கெல்வின் வரை மீக்கடத்தி போலவே நடந்துகொண்டது.

"போலவே." இந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாச் சண்டையும். அறை வெப்பநிலை மீக்கடத்தி என்பது இந்தத் துறையின் தங்கப் புதையல். 2023 ஜூலையில் தென் கொரியாவிலிருந்து எல்கே-99 என்று ஒரு கல்லைக் காட்டி, இதோ கிடைத்துவிட்டது என்று சொன்னார்கள். உலகமே துள்ளிக் குதித்தது, சில வாரங்களில் மற்ற ஆய்வகங்கள் இல்லை என்று கையை விரித்துவிட்டன. அதனால் யார் என்ன சொன்னாலும் சந்தேகப்படுவதுதான் முறை. ஹாம்பர்க் குழுவைப் பொறுத்தவரை சந்தேகத்துக்குக் காரணமும் இருந்தது. பிகோ செகண்டில் மறைகிற ஒரு நிலையின் தடையை மீட்டர் வைத்து அளக்க முடியாது. எதிரொளித்து வந்த டெராஹெர்ட்ஸ் அலையை வைத்துக் கணக்குப் போட்டு, "தடை இவ்வளவு இருந்திருக்கும்" என்று ஊகிக்கத்தான் முடியும்.

ஊகத்தில் எங்கே ஓட்டை என்று 2023 இல் கனடாவின் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தின் டாட்ஜும் உடன் இருந்தவர்களும் காட்டினார்கள். அடிக்கிற ஒளி பொருளின் மேல் தோலோடு நின்றுவிடுகிறது. பார்க்கப் போகிற டெராஹெர்ட்ஸ் அலையோ அதைவிட ஆழம் போகிறது. மேலே மட்டும் மழையில் நனைந்த மண்ணை ஆழமாகத் தோண்டியெடுத்து, மொத்தமாகக் கலந்து ஈரம் பார்ப்பது போல இது. மேல் மண்ணின் ஈரத்தைச் சொல்ல வேண்டுமானால் ஈரம் ஆழத்தோடு எப்படிக் குறைகிறது என்று முதலில் அனுமானிக்க வேண்டும். ஒளி குறையக் குறைய விளைவும் அதே விகிதத்தில் குறையும் என்று ஹாம்பர்க் குழு வைத்துக்கொண்டது. பலமான ஒளியில் விளைவு ஒரு கட்டத்துக்கு மேல் ஏறாமல் நின்றுவிடும், அப்படியானால் உங்கள் கணக்கு ஊதிப் பெருகி, வெறும் நல்ல உலோகத்தையே மீக்கடத்தி மாதிரி காட்டிவிடும் என்றார் டாட்ஜ். ஹாம்பர்க் குழு இதற்கு மறுப்பு எழுதியது. இரண்டு பக்கமும் படித்தால் டாட்ஜின் கேள்வி குதர்க்கம் இல்லை, கேட்டே தீர வேண்டிய கேள்வி என்பது புரியும். ஆடிட்டர் கேட்கிற மாதிரி: லாபம் இருக்கட்டும், தேய்மானத்தை எந்த முறையில் போட்டீர்கள்?

இதற்கு நடுவில் ஹாம்பர்க் குழு வேறு இரண்டு வழிகளையும் பிடித்திருந்தது. ஒன்று, நேரத்தை நீட்டுவது. 2021 இல் அதே கார்பன் பொருளை நீண்ட துடிப்புகளால் அடித்தபோது, புது நிலை பிகோ செகண்டில் மறையாமல் பல நானோ செகண்ட் வரை நின்றது. ஆயிரம் மடங்கு கூடுதல் ஆயுள்! அந்த நேரத்துக்குள் மின்சுற்றில் இணைத்துத் தடையை நேராகவே பார்த்தார்கள், மிகவும் குறைந்திருந்தது. 2023 இல் ஒளியின் அலைவரிசையைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் சுமார் நூறில் ஒரு பங்கு ஆற்றலே போதும் என்றும் காட்டினார்கள்.

இரண்டாவது வழிதான் பெரிய விஷயம். 1933 இன் மைஸ்னர் சோதனை ஞாபகம் இருக்கிறதா? மீக்கடத்தியின் இரண்டாவது அடையாளம், காந்தத்தை விரட்டுவது. அதைப் பிகோ செகண்டில் பார்க்க முடிந்தால்? 2024 ஜூலையில் நேச்சர் இதழில் ஃபாவா முதலியோர் எழுதிய கட்டுரை வந்தது. இட்ரியம் பொருளை, சாதாரணமாக அது மீக்கடத்தியாக இருக்க முடியாத வெப்பநிலையில், ஒரு காந்தப்புலத்துக்குள் வைத்தார்கள். பக்கத்தில் ஒட்டினாற்போல இன்னொரு படிகம். அதன் வழியாகப் போகும் ஒளியின் தளம், அங்கிருக்கும் காந்தப்புலத்துக்கு ஏற்பக் கொஞ்சம் திரும்பும். ஃபாரடே 1845 இல் கண்ட விளைவு அது. லேசர் அடித்தவுடன் பொருளுக்குள் இருந்த புலம் வெளியே தள்ளப்பட்டால் ஓரத்தில் புலம் கூட வேண்டும். கூடியது, பிகோ செகண்ட் கணக்கில்.

இது ஏன் முக்கியம் என்றால், வெறுமனே தடை குறைந்த ஒரு உலோகம் இந்த வேலையைச் செய்யாது. தடையே இல்லாத ஒரு கற்பனை உலோகம் கூட, ஏற்கெனவே உள்ளே இருக்கும் புலத்தை அப்படியே பிடித்துவைத்துக்கொள்ளும், வெளியே தள்ளாது. தள்ளுவது மீக்கடத்தியின் குணம். ஆழம் பற்றிய அனுமானமும் இங்கே அவ்வளவாகத் தேவையில்லை, காந்தப்புலத்தை வெளியே நின்றே அளக்கிறார்கள்.

சந்தேகக்காரர்கள் இதோடு விட்டுவிடவில்லை, விடவும் கூடாது. துடிப்புக்கு முன்பே அந்தப் பொருளில் அரைகுறையாக, ஒன்றோடொன்று ஒத்துப்போகாத ஜோடிகள் இருந்தனவா, ஒளி அவற்றை ஒரே வடத்தைப் பிடிக்க வைத்ததா, அல்லது புதிதாக ஜோடிகளையே உண்டாக்கியதா? பிடிக்க வைத்தது என்றால் எத்தனை நேரம் நிறுத்திவைக்க முடியும்? ஒளியை நிறுத்தியதும் வடத்தை முதலில் விடுவது எலக்ட்ரானா, போனானா? 1967 இன் கொடுக்கல் வாங்கல் கணக்கை இப்போது பின்பக்கத்திலிருந்து எழுதிப் பார்க்கிறார்கள். அங்கே இன்னும் வரவும் செலவும் பொருந்தவில்லை.